மூன்று மைக்ரோகிரிட்டும் ஒரு டை கேபிளும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிப்பது

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி வளாகத்தில் மூன்று மைக்ரோகிரிட் இருக்கிறது, அதாவது தானே மின்சாரம் தயாரித்து, சேமித்து, தனியாகவும் ஓடக்கூடிய சின்ன மின் அமைப்புகள். விடுதிக்கு ஒன்று, வகுப்பறைக் கட்டடத்துக்கு ஒன்று, சமையற்கூடமும் பம்ப் ஹவுஸும் சேர்ந்து ஒன்று. மூன்றிலும் கூரை சோலார், லித்தியம் பேட்டரி, பேட்டரி இன்வெர்ட்டர். வகுப்பறைப் பக்கம் மட்டும் கூடுதலாக 125 கேவிஏ ஜெனரேட்டர், ஈபி லைன் நுழைவதும் அங்கேதான். மூன்றையும் 415 வோல்ட் கேபிள் (டை கேபிள்) இணைக்கிறது, நடுவில் டை பிரேக்கர்கள் (மூடினால் இரண்டு பக்கமும் சேரும், திறந்தால் பிரியும்). யார் யாருக்கு எப்போது எவ்வளவு தரவேண்டும் என்று சொல்வதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரே கன்ட்ரோலர்.

தனித்தனியாக இருந்தவரை மூன்றும் ஒழுங்காக ஓடின, சேர்த்து வைத்த பிறகுதான் கூட்டுக்குடும்பத் தகராறெல்லாம் ஆரம்பித்தது. திரும்பத் திரும்ப ஒரே ஐந்தாறு கோளாறுகள்தான் வருகின்றன, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடி நேரம் வீணாகிறது என்பதால் எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்ட்ரோலரின் செட்டிங்கில் கைவைக்காதீர்கள், அது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் சரிசெய்தவற்றில் பெரும்பாலானவை கன்ட்ரோலர் செய்த தப்பே இல்லை, அதற்குப் போய்ச் சேர்ந்த கணக்குதான் தப்பு.

எதையும் தொடுவதற்கு முன்

ஈபி போய்விட்டது, ஜெனரேட்டரும் நின்றுவிட்டது, அதனால் கேபிளில் கரண்ட் இல்லை என்று நினைத்தால் ஆளையே அடித்துவிடும். பக்கத்து மைக்ரோகிரிட்டிலிருந்து டை கேபிள் வழியாக எந்த நொடியும் சப்ளை வரலாம், கன்ட்ரோலர் தானாகவே பிரேக்கரைப் போட்டுவிடும். டை பிரேக்கரை இரண்டு முனையிலும் இறக்கி, மேனுவலுக்கு மாற்றி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் மூன்று பேஸையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பேட்டரியின் டிசி பக்கம் இந்தக் கட்டுரையில் எங்கேயும் வராது. அது கம்பெனி ஆள் வேலை.

அறிகுறி 1: ஒரு பேட்டரி காலி, பக்கத்து பேட்டரி நிரம்பி வழிகிறது

அதிகமாக வருவது இதுதான். விடுதி பேட்டரி 20 சதவீதத்தில் திணறும், வகுப்பறை பேட்டரி 100ல் சும்மா உட்கார்ந்திருக்கும், டை பிரேக்கர் மூடியேதான் இருக்கும்.

*கடிகாரத்தைப் பாருங்கள்.* சிரிக்காதீர்கள், இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தது. மாலை 6 முதல் 10 வரை உச்ச நேரம், எங்கள் உயரழுத்த இணைப்புக்கு அந்த நேரத்தில் யூனிட் கட்டணம் கூடுதல், அதனால் அப்போது பேட்டரியிலிருந்து எடுக்கும்படி அட்டவணை போட்டிருந்தோம். விடுதி இன்வெர்ட்டர் மட்டும் ராத்திரி பதினொன்றரைக்கு வடியத் தொடங்கி விடிகாலை மூன்றரை வரை வடிந்தது. ஐந்தரை மணி நேரத் தள்ளல் என்றதுமே பொறி தட்டியிருக்க வேண்டும். மென்பொருள் அப்டேட் ஆனபோது அந்த ஒரு இன்வெர்ட்டரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்குப் போயிருந்தது. எல்லாக் கருவிகளின் திரையையும் வரிசையாகப் போய் மொபைல் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

*சிடி சரியாக மாட்டியிருக்கிறதா?* வயரில் ஓடும் கரண்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் சிடி. இதற்கு நான் செய்வது கீசர் சோதனை. விடுதியில் 2 கிலோவாட் கீசர் ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு, கன்ட்ரோலர் திரையில் விடுதி லோடு என்ன ஆகிறது என்று பார்க்கிறேன்.

2 கூடினால் சிடி நன்றாக இருக்கிறது, அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

2 குறைந்தால் அந்த பேஸில் சிடி தலைகீழ். அந்தக் கட்டடம் மின்சாரம் இழுப்பதை கன்ட்ரோலர் தருவதாக எடுத்துக்கொள்கிறது, அதனால் திருத்தத் திருத்த இன்னும் தப்பான பக்கமே போகும்.

1 கூடினால் சிடி விகிதம் தப்பு, 200/5 மாட்டிவிட்டு மீட்டரில் 100/5 என்று போட்டிருப்பார்கள்.

1 குறைந்தால்? இது கொஞ்சம் வேடிக்கை. ஆர் பேஸ் சிடியின் வயர் ஒய் பேஸ் வோல்டேஜோடு ஜோடி சேர்ந்திருக்கிறது, 120 டிகிரி தள்ளிப் பார்ப்பதால் பாதி அளவு, அதுவும் மைனஸில் வருகிறது. பேனலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வயரைத் திரும்ப மாட்டினார்களே, அந்த வாரம்தான் எங்களுக்கு இது நடந்தது. மூன்று பேஸிலும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும், ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

லோடு ஓடும்போது சிடியின் செகண்டரி வயரை மட்டும் கழற்றவே கூடாது, அங்கே எழும்பும் வோல்டேஜ் உயிருக்கு ஆபத்து. ஷார்ட்டிங் லிங்க் (செகண்டரி முனைகளை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் துண்டு) போடத் தெரியாவிட்டால் லைசென்ஸ் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*சார்ஜ் சதவீதம் பொய் சொல்கிறதா?* இரும்பு பாஸ்பேட் லித்தியம் பேட்டரியில் நடுவாந்திரத்தில் வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், அதனால் உள்ளே போனது வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் காட்டுகிறார்கள். பல வாரம் முழு சார்ஜே ஆகாமல் ஓடினால் கணக்கு சறுக்கிக்கொண்டே போகும். 60 என்று காட்டிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று 15க்கு விழுந்தால் இதுதான். நல்ல வெயில் நாளில் டையைத் திறந்துவிட்டு, அந்த பேட்டரியை 100 வரை ஏற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே பிடித்து வையுங்கள். இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு இதைச் செய்கிறோம்.

*டிரூப் (லோடு ஏற ஏற ஃப்ரீக்வென்சி இறங்குவது) ஆரம்பப் புள்ளி.* இரண்டு இன்வெர்ட்டரும் ஃப்ரீக்வென்சியை வைத்து லோடைப் பங்குபோடுகிற அமைப்பு என்றால், லோடே இல்லாதபோது இரண்டும் ஒரே ஃப்ரீக்வென்சியில் நிற்கவேண்டும். 50 கிலோவாட் இன்வெர்ட்டர் இரண்டு, முழு லோடுக்கு 1 ஹெர்ட்ஸ் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 50.0, மற்றது 50.1 என்று தொடங்கினால் போதும், 50.1காரர் எப்போதும் 5 கிலோவாட் கூடச் சுமப்பார். ராத்திரி முழுக்க 5 கிலோவாட் என்றால் விடிவதற்குள் ஒரு பேட்டரி காலி. ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டு ஃப்ரீக்வென்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுவதானால் கம்பெனி ஆளோடு போனில் இருந்துகொண்டு மாற்றுங்கள்.

இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை, பேட்டரி சீக்கிரமே வெட்டுகிறது, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் போர்டு) திரையில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே நிற்கிறது என்றால் செல் போய்விட்டது. வாரண்டி தாளை எடுங்கள்.

அறிகுறி 2: டை பிரேக்கர் மூட மாட்டேன் என்கிறது

பொங்கல் லீவில் விடுதி காலி. மூன்றாம் நாள் மதியம் சமையற்கூடப் பக்கம் பேட்டரி இறங்கிவிட்டது, விடுதியில் மின்சாரம் வேண்டிய அளவு இருக்கிறது, கன்ட்ரோலர் 'மூடு' என்று கட்டளை மேல் கட்டளையாக அனுப்புகிறது, பிரேக்கர் அசையவே இல்லை. மோட்டாரைச் சந்தேகப்பட்டு, காயிலைச் சந்தேகப்பட்டு, கடைசியில் விடுதி பேனலில் ஃப்ரீக்வென்சியைப் பார்த்தால் 51.6.

காரணம் இதுதான். பேட்டரி நிரம்பிவிட்டது, லோடு இல்லை, சோலார் கொட்டுகிறது. சோலார் இன்வெர்ட்டரை அடக்க பேட்டரி இன்வெர்ட்டர் ஃப்ரீக்வென்சியை ஏற்றிவிடும், எங்களிடம் இருப்பதில் சோலார் 50.2ல் குறையத் தொடங்கி 52 தாண்டிய பிறகுதான் முழுக்க நிற்கும். சமையற்கூடப் பக்கமோ 50ல் நிற்கிறது. நடுவில் இருக்கும் சின்க் செக் ரிலே (இரண்டு பக்க மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) இந்த வித்தியாசத்தில் மூட விடாது, விடவும் கூடாது. இந்த அளவு அமைப்புகளுக்கு ஐஇஇஇ 1547 என்ற தரநிலை தரும் வரம்பு ஃப்ரீக்வென்சியில் 0.3 ஹெர்ட்ஸ், வோல்டேஜில் 10 சதவீதம், கோணத்தில் 20 டிகிரி, எங்கள் ரிலே அதைவிடவும் கறார்.

அன்றைக்குச் செய்தது: விடுதி சோலாரின் பாதி ஏசி பிரேக்கர்களை இறக்கினோம், மொட்டைமாடி கீசர்களைப் போட்டுவிட்டோம், பத்து நிமிடத்தில் ஃப்ரீக்வென்சி 50க்கு வந்தது, பிரேக்கர் தானாகவே மூடிக்கொண்டது. நிரந்தரமாகச் செய்தது: டையைச் சேர்ப்பதற்கு முன் சோலாரைக் குறைக்கும் கட்டளையை தகவல் கேபிள் வழியாகவே அனுப்பும்படி கன்ட்ரோலரில் ஒரு படி சேர்த்தோம், ஃப்ரீக்வென்சி ஏறுகிற வரை காத்திருப்பதில்லை.

ஃப்ரீக்வென்சி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தும் மூடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள். மேனுவலில் போட்டுவிட்டு யாராவது மறந்திருப்பார்கள் (பாதி நேரம் இதுதான், செக்யூரிட்டி கையெழுத்துப் புத்தகத்தில் பெயரும் இருக்கும்). அப்புறம் ரிலேக்கு வோல்டேஜ் கொண்டுவரும் கன்ட்ரோல் ஃபியூஸ், ஒரு பேஸ் ஃபியூஸ் போனாலும் ரிலேக்கு அந்தப் பக்கம் கரண்டே இல்லாததுபோலத் தெரியும். அப்புறம் 24 வோல்ட் சப்ளை. கடைசியாக மூடும் காயில்: கட்டளை வரும் நொடியில் காயில் முனையில் வோல்டேஜ் வந்தும் சத்தமே இல்லை என்றால் காயில் போச்சு.

கேபிள் வேலை ஏதாவது நடந்த பிறகு முதல்முறையாக மூடப்போகிறீர்கள் என்றால் பேஸ் வரிசையை இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் மூடாதீர்கள். வரிசை ஒன்றாக இருந்தாலும் போதாது, ஆருக்கு நேர் ஆர்தானா என்று பிரேக்கரின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வோல்டேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் சின்க் செக்கை பைபாஸ் செய்துவிட்டு கையால் தட்டி மூடாதீர்கள், இன்வெர்ட்டர் போர்டு வெடித்தால் ஒரு பேட்டரியின் விலை வரும்.

*மூடுகிறது, ஆனால் உடனே எர்த் லீக்கேஜ் டிரிப் ஆகிறது.* தனித்தனியாக ஓடும்போது ஒவ்வொரு மைக்ரோகிரிட்டும் தன் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துக்கொள்ளும். சேர்ந்து ஓடும்போது ஒரு இடத்தில்தான் அந்த இணைப்பு இருக்கவேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் நியூட்ரல் கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாகச் சுற்றும், ரிலே தட்டும். ஒரு இடத்திலும் இல்லாவிட்டால் எதுவும் தட்டாது, அதுதான் இன்னும் மோசம். இதை நீங்கள் சரிசெய்ய முயலவேண்டாம், டையைத் திறந்துவைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: நல்ல வெயிலில் ஜெனரேட்டர் ஓடுகிறது, அல்லது ஓடி ஓடி டிரிப் ஆகிறது

தேவையில்லாமல் ஓடினால் முதலில் கேட்கவேண்டியது: யார் ஸ்டார்ட் கொடுத்தது? எங்களுக்கு கன்ட்ரோலரிலிருந்து ஒரு வயர், பழைய ஏஎம்எஃப் பேனலிலிருந்து (ஈபி போனால் ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்புவது) ஒரு வயர், வகுப்பறை இன்வெர்ட்டரின் சொந்த ரிலேயிலிருந்து ஒரு வயர் என்று மூன்று முதலாளிகள் இருந்தார்கள். ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்ததில் இன்வெர்ட்டரின் ரிலே பேட்டரி 40 சதவீதத்துக்கு இறங்கியதுமே ஸ்டார்ட் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது, கன்ட்ரோலர் 25 வரை பொறுத்திருக்கும். பக்கத்து பேட்டரி நிரம்பியிருப்பது கன்ட்ரோலருக்குத் தெரியும், தனி இன்வெர்ட்டருக்குத் தெரியாது. கன்ட்ரோலர் செத்துப்போனால் மட்டும் உதவட்டும் என்று இன்வெர்ட்டர் ரிலேயை 15க்கு இறக்கினோம்.

ஸ்டார்ட் அளவும் ஸ்டாப் அளவும் நெருங்கி இருந்தாலும் தொல்லை. 25ல் தொடங்கி 30ல் நின்றால் நாள் முழுக்க கிளம்பி கிளம்பி நிற்கும். நாங்கள் 25–60 வைத்திருக்கிறோம்.

ஓடும்போது ரிவர்ஸ் பவரில் டிரிப் ஆகிறதா? சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பித் தள்ளுகிறது. 125 கேவிஏ என்றால் ஏறத்தாழ 100 கிலோவாட், குறைந்தது 30 கிலோவாட்டாவது அதன் தலையில் இருக்கவேண்டும். மொத்த லோடு 70, சோலார் 80 தரத் தயார் என்றால் சோலாரை 40க்கு அடக்கவேண்டும், 30ஐ ஜெனரேட்டர் எடுக்கும். பாருங்கள், 'ஜெனரேட்டர் ஓடுகிறது' என்ற சிக்னல் கன்ட்ரோலருக்குப் போகிறதா? எங்களுக்கு அந்த ஆக்ஸிலரி கான்டாக்டில் எறும்பு கூடு கட்டியிருந்தது, ஜெனரேட்டர் ஓடுவதே தெரியாமல் கன்ட்ரோலர் சோலாரை முழுசாக ஓடவிட்டிருந்தது. கான்டாக்டைத் துடைத்ததோடு சரி, செலவு ஒன்றுமில்லை.

டிரிப் ஆகாமல் பத்து கிலோவாட்டில் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் விடாதீர்கள். சைலன்சர் மூட்டில் கருப்பாக எண்ணெய் வழிந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், மெக்கானிக்கை அழைத்து நல்ல லோடில் சில மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: திரையில் எண் அசையாமல் நிற்கிறது

'தொடர்பு இல்லை' என்று சிவப்பு காட்டினால் நல்லது, குறைந்தபட்சம் உண்மை பேசுகிறது. பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் கன்ட்ரோலர் அதை நம்பி முடிவெடுக்கும். மேகம் வந்து போகிற நாளில் ஒரு சோலார் மீட்டர் 42.7லேயே ஐந்து நிமிடம் நின்றால் சந்தேகப்படுங்கள்.

ஆர்எஸ்-485 லைன் (கருவிகள் தகவல் பேசிக்கொள்ளும் இரண்டு வயர்) என்றால் எல்லாக் கருவிகளையும் ஆஃப் செய்துவிட்டு ஏ, பி வயருக்கு நடுவில் ஓம் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்கவேண்டும், சேர்ந்து 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது, 40 காட்டினால் யாரோ நடுவில் மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். முடிவிலி என்றால் இரண்டு முனையுமே எட்டவில்லை. வயரை அறுத்தது யார் என்றால், எங்கள் வளாகத்தில் அணில்.

ஓம் சரி, ஆனாலும் விட்டு விட்டு வருகிறதா? ஒரே முகவரி இரண்டு கருவிக்கு இருக்கும். போர்டு மாற்றிய பிறகு புதுசு 1 என்ற முகவரியிலேயே வந்திருக்கும், பழைய 1 ஏற்கெனவே லைனில் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் பதில் பேசும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரே ஒரு கருவி மட்டும் வரவில்லை என்றால் அதன் ஏ-பி மாறியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அந்த எழுத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள், மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இடி மின்னலுக்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் போர்டு போகிறது என்றால் போர்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கட்டடத்துக்குக் கட்டடம் எர்த் ஒரே மட்டத்தில் இருக்காது, செம்பு வயர் அந்த வித்தியாசத்தைச் சுமக்கிறது. 1200 மீட்டர் வரை போகும் என்று புத்தகத்தில் இருக்கும், கட்டடத்துக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கு நடுவில் ஃபைபர் இழுத்த பிறகு எங்களுக்கு அந்தச் செலவே நின்றுவிட்டது. இரண்டாவது போர்டு போனபோதே இழுத்திருக்கலாம், நாலாவதில்தான் புத்தி வந்தது.

கம்பெனி ஆளிடம் கட்டாயமாகக் கேட்டு வாங்கவேண்டியது ஒன்று: இத்தனை நொடி புது எண் வரவில்லை என்றால் அந்த மைக்ரோகிரிட் டையில் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டுத் தன் பாட்டைத் தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற ஏற்பாடு. நாங்கள் 30 நொடி வைத்திருக்கிறோம்.

அறிகுறி 5: டை கேபிளில் மின்சாரம் ஊஞ்சல் ஆடுகிறது

பத்து கிலோவாட் இந்தப் பக்கம், சில நொடியில் பத்து அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். பம்ப்போ இட்லி மாவு கிரைண்டரோ கிளம்பும்போது ஒரு ஆட்டம் ஆடி அடங்கிவிட்டால் கவலை இல்லை. அடங்காவிட்டால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். தனி இன்வெர்ட்டரில் 'ஈபிக்கு ஏற்றுமதி பூஜ்யம்' ஆன் ஆகியிருக்கும், கன்ட்ரோலரும் அதையே செய்துகொண்டிருக்கும், இருவரும் திருத்தத் திருத்த இரண்டு மடங்கு தாண்டிப் போகும். ஒன்றை அணையுங்கள்.

அணைத்தும் ஆடினால், மீட்டரிலிருந்து எண் எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது, கன்ட்ரோலர் எத்தனை நொடிக்கு ஒருமுறை கட்டளை தருகிறது என்று பாருங்கள். எண் ஐந்து நொடிக்கு ஒன்று, கட்டளை நொடிக்கு ஒன்று என்றால் ஒரே பழைய எண்ணுக்கு ஐந்து தடவை திருத்தம் போகிறது. கட்டளையை மெதுவாக்குங்கள், 2 கிலோவாட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் சும்மா இரு என்று போட்டுவிடுங்கள்.

கன்ட்ரோலரையே மேனுவலில் வைத்தும் ஆட்டம் நிற்கவில்லையா? இரண்டு இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் ஃப்ரீக்வென்சிக்குத் தலைமை தாங்கப் பார்க்கின்றன. டையைத் திறங்கள், தனித்தனியாக ஓட்டுங்கள், கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஆடவிட்டு வேடிக்கை பார்க்கக்கூடாது.

அறிகுறி 6: ஈபி வந்துவிட்டது, ஆனாலும் சேர மாட்டேன் என்கிறது

ஐந்து நிமிடம் பொறுங்கள். ஈபி வந்த பிறகு நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேரும், பெரும்பாலான அமைப்பில் அந்தக் காத்திருப்பு ஐந்து நிமிடம் வரை இருக்கும். நான்காவது நிமிடத்தில் ரீசெட் அழுத்தினால் திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் ராத்திரி ஒரு மணி நேரம் இப்படியே அழுத்திக்கொண்டிருந்தார், பாவம்.

பொறுத்தும் சேரவில்லை என்றால் வோல்டேஜ் பாருங்கள். பேஸுக்கு 253 தாண்டினால் எங்கள் இன்வெர்ட்டர்கள் சேராது, லீவு நாளிலும் நடுராத்திரியிலும் லோடு குறைந்து ஈபி வோல்டேஜ் ஏறுவது சகஜம். மூன்று பேஸும் ஏறியிருந்தால் உங்கள் சொந்த டிரான்ஸ்ஃபார்மரின் டேப் (வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) எந்தப் படியில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அதை மாற்றுவது சப்ளையை முழுக்க வெட்டிவிட்டுச் செய்யும் ஒப்பந்தக்காரர் வேலை. ஒரு பேஸ் மட்டும் ஏறி இன்னொன்று இறங்கியிருந்தால் நியூட்ரல் எங்கேயோ விட்டிருக்கிறது, அதற்குக் காத்திருக்கவே கூடாது, உடனே மெயினை இறக்குங்கள்.

253ஐ 265 ஆக்கிவிட்டால் சேர்ந்துவிடுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பாதுகாப்பு எண்கள் ஈபி அனுமதியோடு போட்டவை, லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் சோலார் அந்த லைனுக்குள் போகாமல் தடுப்பதும் அதே பட்டியலில் இருப்பவைதான். நாங்கள் ஒரு வாரம் மணிக்கொரு தடவை மூன்று பேஸ் வோல்டேஜையும் மீட்டரிலிருந்து எடுத்து, பிரிண்ட் போட்டு, கடிதத்தோடு செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்தோம். வாயால் சொன்னபோது கிடைக்காத ஆள் அந்தத் தாளைப் பார்த்த பிறகு வந்தார்.